மில்லிகிராமின் இடது கால்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் அவருடைய பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவன் நான். காலருக்கு மேலே கழுத்தில் ஒரு மரு, வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிய இடது தோள், வெயில் நாட்களில் முதுகு நெடுக இறங்கும் வியர்வைக் கோடு. இதையெல்லாம் பிரியத்தோடு சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முதுகைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கம்பெனியில் அவருக்கு வைத்த பேர் மில்லிகிராம். எங்களுடைய வேலை எடைமேடைகளைப் பழுது பார்ப்பது. லாரியைச் சரக்கோடு அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடும் இரும்பு மேடை அது. கல் குவாரி, பழைய இரும்புக் கிடங்கு, சிமெண்ட் குடோன், நூல் ஆலை என்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் இருக்கும். அதில் ஐந்து கிலோவுக்குக் கீழே எண்ணே காட்டாது. ஐம்பது டன் லாரியில் ஐந்து கிலோ யாருக்கு வேண்டும்? இவருக்கு வேண்டும். சவரம் செய்து முடித்ததும் இரண்டு பக்கக் கிருதாவையும் ஸ்கேல் வைத்து அளப்பார் என்று அவர் மனைவியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பேர் வைத்தவன் யாரென்று தெரியவில்லை, தெரிந்தால் கையைப் பிடித்துக் குலுக்குவேன்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மேடைக்கு அடியில், ஆள் தவழ்ந்து போகிற உயரத்தில் ஒரு குழி இருக்கும். எடையை உணரும் இரும்பு உருளைகள் மூலைக்கு மூலை அங்கேதான் இருக்கின்றன. அதன் ஒயரை எலி கடிக்கும், மழைத் தண்ணீர் புகும், சேறு அடைத்துக்கொள்ளும். ஒருவன் குழிக்குள் படுத்து அதைச் சரி செய்ய வேண்டும். இன்னொருவன் மேலே கேபினில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, திரையில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் யார் மேலே, யார் கீழே என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

வேலை முடிந்ததும் சீல் வைப்போம். அதற்கு முன்னால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் "குறை உண்டா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவன் "இல்லை" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஈயச் சீலை அழுத்தி, தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். மற்ற ஜோடிகள் இதை ஒப்புக்குச் செய்வார்கள், பாதிப் பேர் கேட்பதே இல்லை. மில்லிகிராம் கேபினிலிருந்து எழுந்து வந்து, குழியின் வாயில் குனிந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்பார். நான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதையும் தொட்டுப் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் உனக்கென்ன பகை என்று கேட்கலாம். ஐந்தாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குவாரியில் மூடியின் போல்ட் ஒன்றை இறுக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் எனக்கே ஞாபகம் வந்து, நானே அவரிடம் சொன்னேன். போகிற வழிதான், நிறுத்தி முறுக்கிவிட்டுப் போனோம், இரண்டு நிமிட வேலை. ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. அந்த வார அறிக்கையில் "உதவியாளரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய மெக்கானிக் பதவி வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. முப்பத்தொன்பது வயதில் நான் இன்னும் உதவியாளன். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டபோது, பார்த்ததை எழுதினேன் என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் மாதிரி சொன்னார். வாயைத் திறந்து குறையைச் சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இருபத்தேழு வருடமாக அவர் ஓட்டியது நூறு சிசி வண்டி. மூன்று முறை மாற்றினார், மூன்றும் ஒரே ரகம். அதில் நான்கு கியரையும் இடது காலின் முன்பாதத்தால் கீழே அமுக்கி அமுக்கிப் போட வேண்டும். வேகம் கூட வேண்டுமா, அமுக்கு. இன்னும் கூட வேண்டுமா, இன்னொரு அமுக்கு. அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. காலுக்குத் தெரியும், தலைக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். பக்கத்துக்கு மூன்று தடமாயிற்று, பஸ்ஸும் லாரியும் நூறில் பறக்க ஆரம்பித்தன. நாங்கள் ஐம்பதில், ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் காற்று எங்களை ஒரு தள்ளு தள்ளும். ஒரு காலையில் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வந்து, நாங்கள் சரளையில் இறங்கி, புதருக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மில்லிகிராம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். எனக்கும் பயம்தான், ஆனால் அவருடைய பயத்தைப் பார்த்ததும் என்னுடையது போய்விட்டது.

அந்த வாரமே சொல்லிவிட்டார், இனி இந்த ரோட்டுக்கு நானூறு சிசி இல்லாமல் ஆகாது என்று. சொன்னது நியாயம்தான். லாரியைத் தாண்ட நினைத்தால் தாண்ட முடிய வேண்டும், காற்றுக்கு அசையாத கனம் வேண்டும், நின்று பிடிக்கிற பிரேக் வேண்டும். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொல்வது எல்லாம் எப்போதும் நியாயமாகவே இருந்து தொலைக்கும், அதுதான் அவரிடம் சகிக்க முடியாதது.

ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் பொறுமைசாலி. சார், இதில் முதல் கியர் மட்டும்தான் கீழே, மற்ற ஐந்தும் காலால் மேலே தூக்கிப் போட வேண்டும், பழைய வண்டிக்கு நேர் எதிர் என்று விளக்கினாள். தெரியும் என்றார். முதல் ஒரு வாரம் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள், சொல்லிக் கொடுக்க எங்கள் ஆளே வருவார் என்றாள். இருபத்தேழு வருஷமா ஓட்டுகிறேன் என்றார். அந்தப் பெண் மூன்றாம் முறையும் சொன்னாள். அவர் டயரின் காற்றழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். பெரிய மனுஷனுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்பது முதுகிலேயே எழுதியிருந்தது.

வண்டி வந்தது. கறுப்பு நிறம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வைத்திருந்த பின்சீட்டைச் சீட் என்று சொன்னால் சீட்டுக்கே அவமானம், சோப்பு டப்பாவின் மூடி அளவு இருந்தது. உயரத்தில் ஏறி, முன்பக்கம் சரிந்து, அவருடைய முதுகு என் மூக்கில் இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். முன்பு கேரியரில் போன பதினைந்து கிலோ டூல் பெட்டி இப்போது என் மடிக்கு வந்துவிட்டது. சௌகரியமா என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சிக்னலிலும் தெருவிலும் நிதானமாகப் போகும்போது யோசித்து யோசித்து, காலை அடியில் விட்டு, சரியாகத் தூக்கினார். ஊரைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் அவசரம் வந்தது. அவசரம் வந்ததும் இடது கால் தன் பழைய வேலையைப் பார்த்தது. கீழே ஒரு அமுக்கு. ஏற வேண்டிய கியர் இறங்கிவிட்டது. இன்ஜின் கத்தியது, வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி நின்று போனது, என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. புது கியர்பாக்ஸ், செட்டாக நாளாகும் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார். கால் தவறு செய்தது அவருக்கே தெரியவில்லை. தான் தூக்கினோம் என்றே அவர் மனதார நம்பினார்.

டூல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் அவருடைய இடது ஷூ தெளிவாகத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று முறை, நான்கு முறை பார்த்தேன். நாய் குறுக்கே ஓடினால் அமுக்கு. கார் உரசினால் அமுக்கு. ஐம்பதோ அறுபதோ போகும்போது அது வெறும் குலுக்கல்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். ஐந்து கிலோவைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் காலைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்தும் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். எல்லாம் தெரிந்தவருக்கு நான் என்ன சொல்வது என்றேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் வேலை முடிந்தது. சீல் வைப்பதற்கு முன்னால் மேடை காலியாக இருந்தது. மில்லிகிராம் தன் வண்டியை மேடைமேல் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். திரையில் நூற்றெண்பத்தைந்து. தான் ஏறி உட்கார்ந்தார், என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார், இருநூற்று அறுபத்தைந்து. பிறகு என்னையும் டூல் பெட்டியோடு ஏறச் சொன்னார். முந்நூற்று நாற்பத்தைந்து என்று கிடங்குக் கணக்குப்பிள்ளை கேபினிலிருந்து கத்தினார். மில்லிகிராம் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இரண்டு பத்தி போட்டிருந்தார். ஒன்றில் "இருவர்", மற்றொன்றில் "தனி". தனிக்கு நேரே எங்கள் வட்டத்திலிருந்த பதினான்கு எடைமேடைகளின் பேரும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதும் இருந்தது.

என்ன இது என்று கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, சொன்னார். புது எடைத்திரை ஒன்று வந்திருக்கிறதாம், கேபினில் தெரியும் எண் குழிக்குள் படுத்திருப்பவனின் போனிலும் தெரியுமாம். வேகமான வண்டியும் இருந்தால் பதினான்கு இடத்தையும் ஓர் ஆள் ஒரே நாளில் முடித்துவிடலாமாம். மேனேஜர் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாராம். இந்த வயதில் இவர் எங்கே குழிக்குள் தவழப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த இடத்திலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்து காட்டினார்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். சோதனைக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள். அன்றைக்கு மில்லிகிராம் தனியாகப் போய் மாலைக்குள் முடித்துத் திரும்பினால், அடுத்த மாதத்திலிருந்து எல்லா வட்டத்துக்கும் ஒற்றை ஆள். உதவியாளர்களுக்கு வேறு ஏற்பாடு பார்க்கலாம் என்றார் மேனேஜர். அந்த வேறு ஏற்பாடு என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் கதவைத்தான் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. பதினோரு வருடம் சேற்றில் படுத்தவனுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. வீட்டில் மகள் பத்தாம் வகுப்பு.

மனைவிதான் சொன்னாள், கௌரவம் பார்க்காமல் அவரையே போய்க் கேளுங்கள், ரெண்டு ஆள் வேணும்னு அவர் ஒரு வரி எழுதினால் போதுமே என்று. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டேன். வொர்க்ஷாப் குழாயடியில் அவர் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் முடிக்கிற வேலைக்கு ரெண்டு ஆள் வேணும்னு நான் எப்படி எழுத முடியும்? நீயே சொல்லு," என்றார். விரலிடுக்கில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நியாயம்தான். மறுபடியும் நியாயம். அந்தக் கழுத்தைப் பிடித்துக் குழாய்க்கடியில் அழுத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றியதை மறைக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு நான் பின்சீட்டிலிருந்து அந்தக் காலைப் பார்த்த விதமே மாறிவிட்டது. முன்பு வேடிக்கை. இப்போது எண்ண ஆரம்பித்தேன். இன்று மூன்று, இன்று ஐந்து. குறைந்த நாளில் விட்டுப்போனது உண்டா என்று மறுபடி எண்ணிப் பார்த்தேன். கால் பழகிவிட்டால் அவர் ஜெயித்துவிடுவார். பழகவில்லை. வேகம் கூடக்கூட அவசரமும் கூடியது, தவறும் கூடியது. பதினாலாம் நாள் எழுபத்தைந்தில் போகும்போது அமுக்கினார். பின்சக்கரம் ஒரு கணம் கீச்சென்று இழுத்து, வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் ஆடி நிமிர்ந்தது. டூல் பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் என் ஷூவிலிருந்த சேற்றைக் காட்டி, வண்டியில் ஏறுமுன் தட்டிவிட்டு ஏறக்கூடாதா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

சோதனைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை நாலரை மணிக்கு வொர்க்ஷாப்புக்குத் திரும்பினோம். அதுதான் நாங்கள் சேர்ந்து போன இருபத்திரண்டாவது நாள். வண்டியை நிழலில் நிறுத்தினார். நான் டூல் பெட்டியை இறக்கி வைத்தேன். வழக்கமாக அப்படியே உள்ளே போய்விடுகிறவர், அன்றைக்குத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். குழியின் வாயில் குனிந்து பார்ப்பாரே, அதே பார்வை.

"நாளைக்கு நூறுல போகணும். நான் ஓட்டறத இத்தனை நாளாப் பின்னாலருந்து பார்த்திருக்க. குறை உண்டா?"

எனக்கு நேரம் இல்லாமல் போகவில்லை. அவர் காத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு வார்த்தை சொன்னால் போதும், கால் மாறுகிறது என்று. அந்தப் பெண் மூன்று முறை சொன்னதை நான் நாலாவது முறை சொன்னால், இவர் மைதானத்தில் ஒரு வாரம் பழகி, அடுத்த வெள்ளிக்கிழமை ஜம்மென்று போய்விட்டு வந்து, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"இல்லண்ணே," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் பதினொன்றரை மணி வரை ஆறு இடம் முடித்துவிட்டார் என்று மேனேஜர் ஒவ்வொரு சீலாக எங்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது இடத்திலிருந்து சேதி வரவில்லை. பன்னிரண்டே காலுக்குப் போன் வந்தது. பேசியது ஒரு லாரி ஓட்டுநர். குழாய் ஏற்றிப்போன அவருடைய நீள டிரெய்லரை மில்லிகிராம் தாண்டிக்கொண்டிருந்தாராம். பாதி தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கார் விளக்கடித்து விரட்டியதாம். கறுப்பு வண்டி திடீரென்று கத்தியதாம். இன்னொரு முறை இன்னும் பலமாகக் கத்தியதாம், பின்சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே போனதாம், அப்படியே படுத்துவிட்டதாம். இரண்டு அமுக்கு என்று நான் மனதுக்குள் எண்ணினேன். தொண்ணூறில் ஒரு கியர் இறங்கியது போதாமல், வேகம் குறைகிறதே என்ற பதற்றத்தில் மறுபடியும் அமுக்கியிருக்கிறார். அந்த ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தியபோது மில்லிகிராமின் தலைக்கும் லாரி டயருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்ததாம்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பரிதாபம் இல்லை. வேலை தப்பியது என்ற நிம்மதிதான் வந்தது. பரிதாபம் வரக் கால் மணி நேரம் ஆயிற்று, அதுவும் அவர் மனைவிக்குப் போன் செய்து சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தபோதுதான்.

இடது தொடை எலும்பும் கணுக்காலும் நொறுங்கிப் போயிருந்தன. உள்ளே கம்பி வைத்தார்கள். ஒற்றை ஆள் திட்டத்தை மேனேஜர் அன்றோடு கை கழுவிவிட்டார். அது மட்டுமில்லை, எங்கள் வட்டத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் என்னைத் தற்காலிக மெக்கானிக் ஆக்கினார். புதிதாக ஓர் உதவியாளரைக் கொடுத்தார், எனக்கு மூன்று வயது மூத்தவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். ஆறு வருடமாக எனக்கு மறுத்த நாற்காலி, மின்விசிறிக்குக் கீழே, கிடைத்துவிட்டது. பஸ்ஸில் போய் வந்தோம். எல்லாம் நான் ஆசைப்பட்டபடிதான் நடந்தது. ஒன்றைத் தவிர. கீழே இருந்து அந்த உதவியாளர் "இல்லை" என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நானே இறங்கிப் பார்த்தேன். என்ன சார் இது, சந்தேகப் பிராணியா இருக்கீங்க என்று அவர் சிரித்தார்.

ஐந்தாவது வாரம் மில்லிகிராமின் மனைவி போன் செய்தார். உங்க அண்ணன் உங்களைப் பார்க்கணும்னு சொல்றார், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். அதுவரை ஒருமுறைதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், அன்று அவர் மயக்கத்தில் இருந்தார், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டில் முன்னறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். இடது காலைக் கட்டோடு ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்து நாற்காலியில் டைப் அடித்த நான்கு பக்கம் இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு அதை என் கையில் கொடுத்தார். வண்டிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய புகார். கியர்பாக்ஸ் முதல் நாளிலிருந்தே பழுது, மேலே போட்டால் தானாகக் கீழே விழுகிறது, எந்தெந்தத் தேதியில் எந்தெந்த இடத்தில் விழுந்தது என்றெல்லாம் அவருக்கே உரிய சுத்தத்தோடு எழுதியிருந்தார். ஷோரூம்காரர்கள் ஓட்டியவரின் தவறு என்று பதில் அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் மீதும் ஒரு பத்தி இருந்தது, பழுதான வண்டி என்று தெரிந்தே தள்ளிவிட்டாள் என்று. நாளைக்கு வண்டிக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் விசாரிக்க வருகிறாராம். கடைசிப் பக்கத்தில் இவருடைய கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில், எங்கள் சீல் தாளில் இருக்கிற மாதிரியே, இரண்டாவது கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

அண்ணி, அவர் மனைவி, டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார். கால் சரியானதும் இதே வண்டியில் வேறொன்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று என்னிடம் முறையிட்டார். வேண்டாம்னு நீங்களாவது சொல்லுங்க என்றார். மில்லிகிராம் அதைக் காதில் வாங்கவில்லை.

"என் மேல தப்பு இருந்தா பின்னால இருந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எழுதியிருக்கேன். மூணாம் பக்கம் பாரு," என்றார். "அந்த ஒரு போல்ட் தவிர, பதினோரு வருஷமா நீ இல்லன்னு சொன்ன இடத்துல ஒரு நாளும் குறை இருந்ததில்ல. அதையும் எழுதியிருக்கேன்."

பேனாவை எடுத்துக் கொடுத்தார். போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கம்பெனிக்காரன் நம்பினால் நம்பட்டும், அந்தப் பெண்ணுக்கு வேலை போனால் போகட்டும், எனக்கென்ன. இவர் நான்கு மாதத்தில் மறுபடியும் அதே வண்டியில் ஏறுவார், மறுபடியும் ஒரு டிரெய்லரைத் தாண்டுவார், அந்தக் கால் மறுபடியும் கீழேதான் போகும். அடுத்த முறை ஒரு முழம்கூட மிஞ்சாது. எனக்கு அவரைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அவர் மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தத் தாளில் கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. உங்க கால்தான். அவசரம் வந்தா பழைய வண்டி மாதிரி கீழ அமுக்கறீங்க," என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் நாளே."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார், எதையாவது எடுத்து எறிவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். என் வேலை போயிருக்கும் என்றேன். அதை எத்தனையாவது நாள் தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். ஒன்பதாம் நாள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் எதைக் கேட்கிறார் என்று உறைத்தது. அதற்கு முந்தின எட்டு நாளுக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. வேலை போகும் என்ற பயமில்லை, ஒன்றுமில்லை. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்கு பக்கத்தையும் என் கையிலிருந்து வாங்கி, நடுவில் கிழித்து, கட்டிலுக்கு அடியில் போட்டார். பாக்கெட் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"பார்த்தத எழுது. மேனேஜருக்கு," என்றார்.

எழுத மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்து எழுதினேன். எழுதினால் கம்பெனியில் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "வண்டி ஓட்டுபவரின் தவறான கால்பழக்கத்தைப் பல நாட்களாகப் பார்த்தும், நேரில் கேட்கப்பட்டபோதும், குறை இல்லை என்று சொன்னேன்." தேதி, கையெழுத்து. வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பல நாள்னா எத்தனை நாள்?"

"இருபத்திரண்டு."

"அத எழுது."

பல என்பதை அடித்துவிட்டு, மேலே இருபத்திரண்டு என்று எழுதினேன். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்.